கொல்லையில் பலகை அறுக்க ஓர் எந்திரம்: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

நான்: அனைவருக்கும் வணக்கம். காற்றில் சாய்ந்த பலாவையும் மாவையும் டிராக்டரில் ஏற்றிச் சாமில்லுக்குக் கொண்டுபோகும் செலவைப் பார்த்தால், பலகையைக் கடையிலேயே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அதனால் மரத்தைக் கிடத்தி வைத்துவிட்டு, ரம்பம் அதன்மேல் தண்டவாளத்தில் ஓடி அறுக்கும்படி சிறிய பேண்ட்சா (இரண்டு சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடும் நாடா ரம்பம்) ஒன்றை நாமே செய்யலாம் என்று நினைக்கிறேன். கோவை மாமா என்ன சொல்கிறீர்கள்?

பெரியப்பா: இரண்டு மரத்துக்கு எதற்கப்பா எந்திரம்? செயின்சாவுக்கு ஒரு சட்டகம் மாட்டி அறுப்பதை நானே பார்த்திருக்கிறேன், பலகை நன்றாகத்தான் வந்தது.

மாமா: அறுக்கலாம் அண்ணா, ஆனால் செயின்சா ஒவ்வோர் அறுப்பிலும் 8 முதல் 9 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடும், பேண்ட்சா ரம்பம் 2 மி.மீ. அளவுக்குத்தான் தின்னும். பத்து அறுப்புக்குக் கணக்குப் பார்த்தால் ஓர் அங்குலப் பலகை இரண்டு மூன்று தூளோடு போய்விடுகிறது. மாவுக்கு அது பரவாயில்லை, பலாவுக்கு மனசு கேட்காது.

நான்: சக்கரத்துக்கு மாருதி 800 காரின் பழைய சக்கரங்கள் இரண்டு, டயரோடு கிடைக்கின்றன. அவை போதுமா மாமா?

மாமா: தாராளமாகப் போதும். 145/70 ஆர் 12 டயர் என்றால் வெளிவிட்டம் ஏறக்குறைய 508 மி.மீ., அதாவது 20 அங்குலம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.2 மீட்டர் வைத்தால் ரம்பத்தின் மொத்த நீளம் 4 மீட்டருக்குப் பக்கத்தில் வரும். 158 அங்குல ரம்பம் எளிதாகக் கிடைக்கிற அளவுதான். 32 மி.மீ. அகலம், 1.1 மி.மீ. கனம், 22 மி.மீ. பல் இடைவெளி என்று கேட்டு வாங்கு. டயரின் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருப்பதால் ரம்பம் தானாகவே நடுவில் நின்று ஓடும். காற்று மட்டும் இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நான்: எஞ்சின் 13 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். தோட்டத்து மும்முனை மின்சாரத்தில் மோட்டார் வைத்தால் செலவு குறையுமே என்றும் தோன்றியது.

அத்தான்: அதை மட்டும் செய்ய வேண்டாம் மாப்பிள்ளை. பாசனத்துக்கு என்று கொடுத்த இலவச இணைப்பில் மரம் அறுத்தால் இணைப்புக்கே வினை வந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு மரம் அறுக்கும் ஆலைகள்மீது கட்டுப்பாடு இறுகிவிட்டது. 2016-இல் மத்திய அரசும் இதற்கென்று தனியாக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நாம் அறுப்பது சொந்த மரமாகவே இருந்தாலும், எந்திர விசையால் ஓடும் இந்த அமைப்புக்கு உரிமம் தேவையா என்று மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். ஊராருக்குக் கூலிக்கு அறுத்துக் கொடுக்கும் பேச்சே வேண்டாம்.

நான்: சரி அத்தான், மனுவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாமா: பெட்ரோல் எஞ்சினே இருக்கட்டும். 3000 சுற்றில் ஓட்டி, எஞ்சினில் 4 அங்குலப் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) சக்கரத்தில் 12 அங்குலப் புல்லியும் போட்டால் சக்கரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும். ரம்பம் வினாடிக்கு ஏறக்குறைய 26.6 மீட்டர் வேகத்தில் ஓடும். இதெல்லாம் எளிய வேலை. இப்படிச் செய்யும் எந்திரங்கள் கெடுவது வேறு இடத்தில். ரம்பத்தைச் சரியாக இறுக்கினால் அச்சின்மேல் ஏறத்தாழ முக்கால் டன் இழுவிசை விழும். இதைத் தாங்கும் சட்டகம் மெல்லிய குழாயாக இருந்தால் நூலளவு வளைந்துகொடுக்கும், பலகை அலை அலையாக வரும். எல்லோரும் ரம்பத்தைக் குறை சொல்வார்கள்.

நான்: [புகைப்படம்] சட்டகத்துக்கு எடுத்து வைத்திருக்கும் இரும்புச் சேனல் இதுதான். ரம்பத்தைத் தாங்கும் உருளைகளை எங்கே வைப்பது?

மாமா: சேனல் நல்ல கனம்தான், இதையே வைத்துக்கொள். உருளை இரண்டும் மரத்தை ஒட்டியே நிற்க வேண்டும். ஒன்று நிலையாக இருக்கட்டும், மற்றதை மரத்தின் பருமனுக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். சக்கரங்களுக்கு இடையே ரம்பம் ஓடும் மட்டத்திலிருந்து உருளை இரண்டும் ரம்பத்தை 6 மி.மீ. கீழே அழுத்தும்படி வை. உருளையின் விளிம்புக்கும் ரம்பத்தின் முதுகுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடு, அறுக்காதபோதும் முதுகு உரசிக்கொண்டே இருந்தால் ரம்பம் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும்.

அக்கா: அந்தப் பலாவில் அம்மா கொடி கட்ட அடித்த ஆணிகள் உள்ளே இருக்குமே தம்பி?

பெரியப்பா: நல்லவேளை நினைவுபடுத்தினாய். பட்டை மூடிவிட்டாலும் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்றுதான் ஆசாரிகள் சொல்வார்கள். ஆள் உயரம் வரையுள்ள அடித்துண்டைக் கடைசியில் அறுக்கட்டும்.

மாமா: முதலில் மாவை அறுத்து எந்திரத்தைப் பழக்கு. பலாவின் பால் ரம்பத்தில் பிசுபிசுவென்று ஒட்டி அதைக் கோணலாக இழுக்கும். சோப்பு கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ரம்பத்தில் விழும்படி ஒரு கேனை மேலே கட்டிவிடு. இரண்டு சக்கரங்களுக்கும் தகட்டு மூடி போடாமல் எஞ்சினைத் தொடவே கூடாது. அறுந்த ரம்பம் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அக்கா: மூடி போட்ட படத்தைக் குழுவில் போட்ட பிறகுதான் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவேன்.

நான்: கட்டாயம் போடுகிறேன் அக்கா. மாமா, ரம்பத்தை ஏற்றி இறக்குவதற்கு 24 மி.மீ. திருகு கம்பி இரண்டு வாங்கி, ஒரு பக்கம் திருகினால் மறுபக்கமும் சேர்ந்து இறங்கும்படி சைக்கிள் சங்கிலியால் இணைக்கப் போகிறேன்.

மாமா: அந்தக் கம்பியில் ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. இறங்கும். 25 மி.மீ. பலகையோடு ரம்பம் தின்னும் 2 மி.மீ. சேர்த்தால் 27, சரியாக ஒன்பது சுற்று. கைப்பிடியில் குறி வைத்துக்கொள். சனிக்கிழமை சக்கரங்களை எடுத்துக்கொண்டு இங்கே வா, புல்லி பொருத்தும் முகத்தை லேத்தில் கடைந்து தருகிறேன். வரும்போது எஞ்சின் தண்டின் விட்டத்தையும் சாவித்தடத்தின் (புல்லி வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு வா.