மண்டபத்துக்குள் மண்தூண் வைக்கலாமா?

அல்சூர்க்காரன்:
நம்ம பெங்களூர் கோஷ்டியின் வால்ஹெய்ம் (வீடு கட்டிப் பிழைக்கும் கணினி விளையாட்டு) சர்வரில் மண்டபத்து நடுக்கூரை மறுபடி விழுந்துவிட்டது. சுத்தியலைப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் தன் தாங்கும் வலுவை நிறமாகக் காட்டும், நீலம் முழு வலு, சிவப்பு விழும் விளிம்பு: சுவரோரம் பச்சை, உள்ளே போகப் போக மஞ்சள், ஆரஞ்சு, முகட்டில் சிவப்பு. அதற்குமேல் ஒரு துண்டு வைத்தால் கையோடு நொறுங்குகிறது. மண்வெட்டியால் நடுவில் மண்ணை உயர்த்திச் சுற்றிலும் பலகை அடித்து மூடிவிடலாம் என்கிறேன். மண்ணைத் தொடுகிற துண்டு எப்போதும் நீலம்தான். செலவு கொஞ்சம் கல். ஆட்சேபம் உண்டா?

தச்சன்:
உண்டு. மண்டபத்துக்கு நடுவில் கறையான் புற்றா? சதுப்புநிலத்துப் பாதாளக் கல்லறைகளில் இரும்பு கிடக்கிறது, இரும்புக் கட்டுப் போட்ட உத்தரம் செய்யலாம். மரத்தைவிட எவ்வளவோ தூரம் தாங்கும்.

அல்சூர்க்காரன்:
அந்த இரும்பைப் போர்ட்டல் (சட்டென்று வேறு இடம் போகிற வாசல்) வழியாகக் கொண்டுவர முடியாதே, படகில்தான் ஏற்ற வேண்டும். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் தினமும் நிற்பது போதாதா? கவசத்துக்கே இரும்பு பத்தவில்லை.

நைட்ஷிப்ட்:
மழையில் மரம் இத்துப்போய் விழுகிறது, அவ்வளவுதான். ஓட்டையை அடைங்கப்பா.

தச்சன்:
இல்லை தம்பி. மழை மரத்தின் ஆயுளைப் பாதிவரை தின்னும், அதற்குக் கீழே போகாது. சுத்தியலால் தட்டினால் காசில்லாமல் சரியாகிவிடும். தாங்கும் வலு தனிக் கணக்கு: தரையிலிருந்து ஒவ்வொரு துண்டாக விலக விலகக் குறையும், மரத்தைப் படுக்கையாக நீட்டினால் இன்னும் வேகமாக.

நைட்ஷிப்ட்:
அப்போ பக்கத்திலேயே நாலு மரத்தூண் கூடுதலா நடலாமே?

தச்சன்:
கூட்டிப் போட்டால் வலு கூடாது. ஒட்டி நிற்பவற்றில் பலமானது எதுவோ அதுதான் கணக்கு. நட வேண்டுமென்றால் கோர் வுட் (பைன் மரத்தில் கிடைக்கும் கெட்டிக் கட்டை) நடு, சாதா மரத்தைவிட உயரம் ஏறும்.

அல்சூர்க்காரன்:
என் மண்புற்றை ட்ரோல் அரக்கன் வந்தாலும் உடைக்காது. உங்கள் தூண் அப்படியா? அடித்தூண் ஒன்று போனால் மேலே உள்ள அத்தனையும் சரியும்.

தச்சன்:
அது நியாயம்தான். ஆனால் மண்ணைப் பழைய தரையிலிருந்து 8 மீட்டருக்குமேல் ஏற்ற முடியாது. நம்ம முகடு அதைவிட உயரம், மிச்சத்துக்கு என்ன செய்வாய்? கல்தூண் எழுப்பு. கல்லின் தலையில் மரம் வைத்தால் அது முழு வலுவோடு புதிதாக ஆரம்பிக்கும், நீலமாகவே காட்டும். ஒரே நிபந்தனை, கல்லை மரத்தின்மேல் ஏற்றாதே, நிற்காது. படுக்கையாகவும் நீட்டாதே.

நைட்ஷிப்ட்:
கல் வெட்டும் மேசைக்கும் இரும்பு கேட்குமே?

தச்சன்:
2 கட்டி. அதுக்குமா கஞ்சத்தனம்?

அல்சூர்க்காரன்:
சரி, 2 கட்டி தருகிறேன். ஆனால் புற்று யோசனையை இப்போதைக்குக் கைவிட மாட்டேன். சனிக்கிழமை உங்கள் கல்தூண் ஏறி முகடு சிவப்பு மாறட்டும், அப்புறம் பேசலாம். கல் சுமக்க நைட்ஷிப்ட் வருவாரா?

நைட்ஷிப்ட்:
மதியம் இரண்டுக்கு மேல்தான் எழுவேன்.