குரோமேட்டிக் டிஸ்பெர்ஷன் அளக்கும்போது உறுத்திய எண்கள்: அனுபவப் பகிர்வு

(ஒளியிழையில் வெவ்வேறு அலைநீள ஒளி வெவ்வேறு நேரத்தில் வந்துசேர்வதுதான் குரோமேட்டிக் டிஸ்பெர்ஷன். ஸ்பூல், நெடுந்தூரம், ஒருமுனை என்பவை எழுதும் மூவரின் புனைபெயர்கள்.)

ஸ்பூல்
25 கிமீ ஜி.652 (சாதாரண சிங்கிள் மோடு ஃபைபர்) ஸ்பூல், ஃபேஸ் ஷிஃப்ட் முறை (ஒளியின் அளவைச் சீராக ஏற்றி இறக்கி, அதாவது மாடுலேட் செய்து, அந்த அலையின் ஃபேஸ் நகர்விலிருந்து தாமதத்தைக் கணிப்பது), 1530-லிருந்து 1570 நானோமீட்டர் வரை ஸ்கேன். 1550-ல் டிஸ்பெர்ஷன் ஒரு நானோமீட்டருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 17 பிகோசெகண்ட் வர வேண்டிய இடத்தில் 18. கையோடு 1570-லிருந்து கீழே இறக்கினால் 16. கனெக்டரைக்கூடத் தொடவில்லை. ஆனால் குளிர்ந்த அறையிலிருந்து வந்த ஸ்பூல் இன்னும் சூடேறிக்கொண்டிருந்தது. ஒரு டிகிரி ஏறினால் ஒளி கடக்கும் நேரம் கிலோமீட்டருக்குச் சுமார் 40 பிகோசெகண்ட் கூடும். 25 கிமீக்கு 1000. அதை 40 நானோமீட்டராலும் 25 கிமீயாலும் வகுத்தால் 1. ஸ்கேன் முடிவதற்குள் ஒரே ஒரு டிகிரி, அவ்வளவுதான்! ஸ்பூலை இரவு முழுக்க அறையில் வைத்துவிட்டு அளந்தால் இரண்டு பக்கமும் 17.

நெடுந்தூரம்
புதைத்த கேபிளுக்கு அந்த வழி கிடையாது. ஒவ்வொரு புள்ளியை அளந்ததும் ஒரே நிலையான அலைநீளத்துக்குத் திரும்பி, அந்த ஃபேஸைக் கழித்துவிட வேண்டும். ஸ்பூலுக்கும் இதுவே நல்லது.

என்னை உறுத்தியது வேறு. 80 கிமீ லிங்க், மாடுலேஷன் 1 கிகாஹெர்ட்ஸ், 1 நானோமீட்டர் ஸ்டெப். விடை 4.5. பார்த்தவர்கள் எல்லாரும் ஜி.655 (1550-ல் டிஸ்பெர்ஷன் குறைந்த ஃபைபர் வகை) என்றார்கள். ஃபைபரோ ஜி.652. ஒரு ஸ்டெப்புக்கு உண்மையான தாமதம் 1360 பிகோசெகண்ட். 1 கிகாஹெர்ட்ஸில் ஒரு முழுச்சுற்று 1000. மீதி 360-ஐ மட்டும் கருவி பார்க்கிறது, 80-ஆல் வகுத்தால் 4.5. கர்வ் வழவழவென்று இருக்கும், சந்தேகமே வராது. ஸ்டெப்புக்கு அரைச்சுற்றைத் தாண்டக் கூடாது: இந்த லிங்குக்கு 0.3 நானோமீட்டர் சரி. இல்லையென்றால் முதலில் 100 மெகாஹெர்ட்ஸில் தோராயமாக ஓட்டிவிட்டு, பிறகு 1 கிகாஹெர்ட்ஸ். முழுக்க 100-லேயே விட்டால் 1 பிகோசெகண்டுக்கு 0.036 டிகிரிதான், இரைச்சலில் போய்விடும். சந்தேகம் என்றால் 1310 பக்கம் அளந்து பாருங்கள், ஜி.652 என்றால் சுழிக்கு அருகில் வரும்.

ஒருமுனை
1310-ல் அளப்பது ஆம்ப்ளிஃபயர் இல்லாத லிங்கில்தான் நடக்கும். எர்பியம் ஆம்ப்ளிஃபயர் 1310-ஐ விடாது.

நான் பார்த்தது ஓடிடிஆர் வகைக் கருவியில் (ஒரு முனையிலிருந்தே ஒளித்துடிப்பு அனுப்பி, திரும்பி வரும் ஒளியைப் பார்ப்பது): 1310, 1410, 1550, 1625 நான்கிலும் கடைசி முனையின் எதிரொளி வந்துசேரும் நேரத்தை ஒப்பிடும். 1625-ல் பீக்கே இல்லை. ஃபைபர் உடையவில்லை, முனையில் ஏபிசி கனெக்டர் (முகம் சாய்வாக மெருகிட்டது), 8 டிகிரி சாய்வு, எதிரொளி போதிய அளவு திரும்பவில்லை. ஒரு பக்கம் ஏபிசி, மறுபக்கம் யூபிசி (முகம் சாய்வில்லாதது) உள்ள பேட்ச் கார்டை மாட்டி, யூபிசி பக்கத்தைத் திறந்தபடி விட்டதும் நான்கு பீக்கும் வந்தன. ஏபிசியையும் யூபிசியையும் நேராகச் சேர்க்காதீர்கள், நடுவில் காற்றிடைவெளி விழும், முகமும் கெடலாம். திறந்தபடி விடும் யூபிசி முனையை முதலில் துடைத்துவிடுங்கள். வழியில் ஐசொலேட்டர் (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுவது) இருந்தால் இந்த முறையே வேண்டாம், ஒளி திரும்பாது. ஜி.652-உம் ஜி.655-உம் கலந்த லிங்கில் நாலே புள்ளியில் செல்மெயர் ஃபிட்டை (தாமதத்தை அலைநீளத்தோடு இணைக்கும் செல்மெயர் சமன்பாட்டைப் புள்ளிகளுக்குப் பொருத்துவதை) நம்பாதீர்கள். ஒரே வகை ஃபைபருக்கான சமன்பாடு அது. கோடு அழகாகப் பொருந்திவிடும், 1550-ல் எண் தப்பாக இருக்கும்.

நெடுந்தூரம்
ஆம்ப்ளிஃபயர் விஷயம் சரி. ஒன்று சேர்க்கிறேன்: டிஸ்பெர்ஷனை ஈடுகட்டும் காம்பென்சேஷன் மாட்யூல் தேர்வுக்குக் கிலோமீட்டரால் வகுக்கவே வேண்டாம், லிங்கின் மொத்த எண்ணை எடுங்கள். வகுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் கேபிள் உறையில் அச்சிட்ட மீட்டரால் வகுக்காதீர்கள். உள்ளே ஃபைபர் அதைவிட நீளம்.