ஓட்டோ மீனுக்கு வெள்ளரிக்காய் எதற்கு?

நீர்க்கோழி: "மீன்தொட்டியில் ஓட்டோ விட்டால் பாசி ஒழிந்தது, தீனிச் செலவே கிடையாது" என்று தொட்டித்தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தென் அமெரிக்க ஆறுகளில் பிடித்து, வழிநெடுகப் பட்டினி போட்டுக் கொண்டுவரும், பாசி தின்னும் சின்ன மீன் அது. கடையிலேயே பலவற்றுக்கு வயிறு ஒட்டிப்போயிருக்கும். கழுவித் துடைத்த புதுத் தொட்டியில் எதைத் தின்னும்? வேகவைத்த வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்று போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

தொட்டித்தம்பி: என் ஓட்டோக்கள் வெள்ளரிக்காயை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. காலையில் தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசியே போதும்.

நீர்க்கோழி: அந்தப் பாசி புதுத் தொட்டியில் கொஞ்ச காலம் வரும், பிறகு தானாகவே குறையும். அப்புறம்? வெள்ளரிக்காய்தான்.

செடிப்பித்தன்: செடி இலைகளில் கறுப்புத் தாடிப் பாசி பிடித்திருக்கிறது. ஓட்டோ தின்னுமா?

கொளத்தூர்வாசி: ஓட்டோ என்று நினைத்துச் சக்கர் மீன் என்ற வேறொரு பாசிதின்னியின் குஞ்சை வாங்கிப்போகிறவர்கள்தான் அதிகம். அது ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறீர்கள். முதலில் அதைப் பேசுங்கள்.

நீர்க்கோழி: விற்கிறவர்கள் சொல்லி விற்றால் ஏன் மாற்றி வாங்குகிறார்கள்? ஓட்டோவுக்குப் பக்கவாட்டில் வால்வரை கறுப்புக் கோடு ஓடும். வளர்ந்தாலும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

கொளத்தூர்வாசி: நான் கடைக்காரன் என்று யார் சொன்னது? வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் குடியிருந்தாலே மீன் விற்க வேண்டுமா?

தொட்டித்தம்பி: விடுங்கள் ஐயா. போன கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கத் தொட்டிக்குள் ஐஸ்கட்டி போடச் சொன்ன மேதை இந்த நீர்க்கோழி.

நீர்க்கோழி: பொய். மூடியைத் திறந்து மின்விசிறி வைக்கச் சொன்னேன். ஐஸ்கட்டி உங்கள் கற்பனை. கூட்டமாக வாழும் மீனை ஒற்றையாக அடைத்து வைத்திருப்பவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் படம் எடுத்துப் போடுங்கள். உருண்டிருக்கிறதா, உள்வாங்கியிருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

தொட்டித்தம்பி: ஒற்றை என்று உங்களிடம் யார் சொன்னது? படம் எடுத்து உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் மீன் நன்றாக இருக்கிறது.

நீர்க்கோழி: "மீன்" என்று ஒருமையில்தான் எழுதியிருக்கிறீர்கள்.

செடிப்பித்தன்: கறுப்புத் தாடிப் பாசி...

நீர்க்கோழி: தின்னாது. மென்மையான பாசியைத்தான் சுரண்டும். குறுக்கே வராதீர்கள்.

கொளத்தூர்வாசி: என் வீட்டில் சுரைக்காய் போட்டால் மொய்க்கின்றன. நீர்க்கோழி சொன்னதும் அதுதானே?

நீர்க்கோழி: சுரைக்காய் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள்.

தொட்டித்தம்பி: சுரைக்காயையும் அவை தொடாது.