ஹராஸ் மலைக் கோப்பி: ருசிக்கா காசு, பெயருக்கா?

வாவிக்கரையான்:
கத்தாரிலிருந்து வந்த மச்சான் கால் கிலோ கோப்பிக்கொட்டை தந்தார். யெமனின் ஹராஸ் மலையில் விளைந்த 'ஒரே பகுதி'க் கோப்பி, வேறு ஊர்ச் சரக்கு கலக்காதது என்று பையில் போட்டிருக்கிறது. விலையைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அரைத்து, வழமைபோல் சட்டியில் கொதிக்கவைத்துக் குடித்தேன். புளிக்கிறது, நிறமும் ஏறவில்லை. சுக்கும் மல்லியும் சேர்த்து இடித்த எங்கட தூளுக்குக் கிட்டவும் வராது. மலையின் பெயரைச் சொல்லிக் காசு பறிக்கிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

காத்தான்குடி நானா:
நான் மறுக்கிறேன் தம்பி. சவூதியில் இருந்த காலத்தில் யெமன்காரர்களோடு ஒரே அறையில் கிடந்தவன் நான். ஹராஸ், யெமன் தலைநகர் சனாவுக்கு மேற்கே இருக்கிறது. சரிவில் கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டிய வயல்கள். 2,000 மீட்டருக்கு மேலும் கோப்பி மரம் நிற்கும். நம் நுவரெலியா நகரமே 1,900 மீட்டருக்குக் கீழேதான். அந்தக் குளிரில் பழம் மெல்லப் பழுக்கும், கொட்டை இறுகும், புளிப்பும் வாசமும் கூடும். நீங்கள் குறையாகச் சொன்ன புளிப்புக்குத்தான் அந்த விலை. அங்கே தண்ணீர் அருமை, அதனால் பழத்தைத் தோலோடு மொட்டைமாடியில் காயவைப்பார்கள். அந்தப் பழவாசமும் கொட்டையில் இறங்கும். நிறம் ஏறாதது இளவறுவல் என்பதால். அதைச் சட்டியில் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். தண்ணீரை இறக்கி வைத்து, 90 முதல் 96 பாகைக்குள் வந்ததும் ஊற்றிப் பாருங்கள்.

அக்கரைப்பற்று ரீச்சர்:
உயரம் உயரம் என்கிறீர்களே நானா, வேலை செய்வது குளிர்தானே? நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக அதே குளிர் தாழ்விலேயே கிடைக்கும். ஹவாயின் கோனா கோப்பி 1,000 மீட்டருக்குக் கீழே விளைந்துதான் பெயர் வாங்கியது. பையில் உள்ள மீட்டர்க் கணக்கை வைத்து ருசியை அளக்க முடியாது. 'ஒரே பகுதி' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு தோட்டமும் பகுதிதான், நூறு கிராமங்கள் சேர்ந்ததும் பகுதிதான். யெமனின் மொக்கா துறைமுகத்தின் பெயரில் எதியோப்பியக் கோப்பியும் விலைபோன காலம் இருந்தது. பெயரை நம்பிக் காசு கொடுப்பவர் அதையும் யோசிக்க வேண்டும்.

வெல்லாவெளி விவசாயி:
ரீச்சர் சொல்வது சரி, ஆனால் அதற்காகப் பெயரே வேண்டாம் என்பீர்களா? எங்கட நெல்லைப் பாருங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளைவது லொறியில் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், எல்லா ஊர் நெல்லோடும் கலந்து, ஆலைக்காரரின் பெயரோடு அரிசியாகத் திரும்பி வருகிறது. எந்த வயலில் விளைந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல நெல் போட்டவருக்கும் பதர் போட்டவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஊர்ப் பெயர் போட்டு விற்றால் நல்ல நெல்லுக்குரிய விலை கொஞ்சமாவது விளைவித்தவர் கைக்கு வந்து சேரும்.

காத்தான்குடி நானா:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். யெமனில் கோப்பிக்குப் போட்டி, போதைக்காக மெல்லும் காத் இலை. ஆண்டில் பல தடவை பறிக்கலாம், அன்றைக்கே காசு. கோப்பிக்கு நல்ல விலை வராவிட்டால் மரத்தைப் பிடுங்கிவிட்டுக் காத் நடுவார்கள்.

அக்கரைப்பற்று ரீச்சர்:
விலை கமக்காரரிடம் போகிறதா என்பதுதான் என் கேள்வி. கொள்வனவு விலையைப் பையில் அச்சடிக்கட்டும், நானே வாங்குகிறேன். இன்னொன்று: மலைக் கோப்பிக்காக யெமனுக்குப் போக வேண்டியதில்லை. 1869இல் பதுளைப் பக்கத்து மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு நோய் தென்பட்டு, பின் தோட்டங்களெல்லாம் தேயிலைக்கு மாறுவதற்கு முன், இந்தத் தீவே கோப்பியால்தான் பிழைத்தது. பதுளை மலைகள் எங்களுக்குப் பக்கத்தில்தானே?

வாவிக்கரையான்:
நானா சொன்னபடி இறக்கி வைத்து ஊற்றினேன். வாசம் வந்தது, மறுக்கவில்லை. புளிப்பு அப்படியே. அந்த யெமன்காரர்கள் வீட்டில் என்னதான் குடித்தார்கள்?

காத்தான்குடி நானா:
கொட்டையை விற்றுவிட்டு, காய்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். கிஷ்ர் என்பார்கள்.

வாவிக்கரையான்:
பார்த்தீர்களா! விளைவிக்கிறவனே இஞ்சி போட்டுத்தான் குடிக்கிறான். நான் சுக்குப் போடப் போகிறேன்.

காத்தான்குடி நானா:
அது தோலுக்கு, கொட்டைக்கு அல்ல தம்பி! மிச்சத்தைக் கெடுக்காமல் காத்தான்குடிக்கு அனுப்பிவிடுங்கள், காசு தருகிறேன்.

வாவிக்கரையான்:
பையில் போட்டிருக்கிற விலைக்கென்றால் பேசலாம்.