ரேடியோசோண்ட்: வளிதுழாவியா, சென்றளவியா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். 2020 சனவரி, பிப்ரவரி மாதங்களில் பார்படோசுக்குக் கிழக்கே, வியாபாரக் காற்றில் உருவாகும் தாழ்ந்த மேகங்களை ஆராய்ந்த யுரேகா களப்பணியில் பங்கேற்ற மெட்டியோர் என்னும் ஜெர்மானியக் கப்பலின் அன்றாட வேலைகளைப் பற்றிய பாடமொன்றை மாணவர்களுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். ஏறத்தாழ நான்கு மணிக்கொரு முறை, நள்ளிரவானாலும், ஹீலியம் நிரப்பிய பலூனில், வளிமண்டலத்தை அளந்து வானொலி வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியான ரேடியோசோண்டைக் கட்டிப் பறக்கவிடுவதே அங்கு முதன்மையான வேலை. வெள்ளிக்கிழமைக்குள் இதற்கொரு தமிழ்ச்சொல் வேண்டும். அதே களப்பணியில் ஹேலோ என்னும் ஆய்வு விமானத்திலிருந்து கீழே போட்ட டிராப்சோண்டுக்கும் இணைச்சொல் அமைந்தால் நன்று. ஏறுதுழாவி, வீழ்துழாவி எனலாமா?

தமிழாசிரியர்:
ஏறு என்றவுடன் காளைதான் நினைவுக்கு வரும். புறநானூற்று 30ஆம் பாட்டு ஞாயிற்றின் செலவையும் 'வளி திரிதரு திசையும்' சொல்லி, அவற்றைச் 'சென்றளந்து அறிந்தோர்' என்கிறது. சென்றளவி என்று ஆக்கினால் ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கும். வெப்பமானி போன்றவற்றில் வரும் மானி என்ற வடமொழி ஒட்டும் வேண்டியிராது.

வானிலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:
ஐயா, அப்பாட்டு 'அறிந்தோர் போல' என்றல்லவா சொல்கிறது? போகாமலேயே அளவு சொல்பவரைப் பற்றிய பேச்சு அது. நம் கருவியோ உண்மையிலேயே போய் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் அளந்து அனுப்புகிறது. ஏறுதுழாவியும் பொருந்தாது. அந்தக் கப்பலில் பலூன் வெடித்தபின் கருவி சிறு வான்குடையில் இறங்கும்போதும் அளவுகளைப் பதிவு செய்தார்கள். ஏறுவது இறங்கவும் செய்தால் இணைச்சொல் எங்கே நிற்கும்? மாணவருக்கு ரேடியோசோண்ட் என்றே எழுதினால் என்ன குறை? தேர்விலும் வேலையிலும் அவர்கள் சந்திக்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.

இலக்கண ஆர்வலர்:
சோண்ட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர், கடலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கும் வழக்கம். நம் மீனவர் பாகம் என்னும் நீள அளவில் ஆழம் சொல்வதும் அதே வேலைதான். ஆகவே துழாவி தக்கதே. முன்னொட்டாக வளி போதும். ஆனால் யாரும் வளித்துழாவி என்று எழுதிவிட வேண்டாம். எறும்புதின்னியில் வலி மிகாததுபோல் இங்கும் மிகாது: வளிதுழாவி. (மிகும் என்பார் இருந்தால் தனிமடலில் வாதிடுவோம், சென்ற முறைபோல் நாற்பது மடல் வேண்டாம்.)

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. மூவர் வளிதுழாவிக்கு இசைந்திருக்கிறார்கள். அச்சொல் முதலில் வரும் இடத்தில் ரேடியோசோண்டையும் அருகில் எழுதுவேன். டிராப்சோண்டுக்கு வீழ்துழாவியே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
நான் இசையவில்லை. அக்கருவி காற்றின் போக்கிலேயே மிதந்து செல்கிறது. அது எங்கெங்கே நகர்ந்தது என்பதைக் கொண்டுதான் காற்றின் வேகத்தையே கணக்கிடுகிறார்கள். அடித்துச் செல்லப்படும் பொருள் எதைத் துழாவுகிறது?