மூன்றாம் ஹென்றியின் மகள் கேத்தரின்: வீட்டிலும் அவளை 'உதவாதவள்' என்றுதான் நினைத்தார்களா?

செங்காந்தள்:
காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியின் மகள் கேத்தரினைப் பற்றி, அக்காலத் துறவி மாத்யூ பாரிஸ் எழுதியதைப் படித்தேன்: ஊமை, எதற்கும் உதவாதவள், முகம் மட்டும் பேரழகு. மனம் ஆறவில்லை. பெற்றோரும் அவளை அப்படித்தான் பார்த்தார்களா?

பழங்கணக்கன்:
அம்மா, தணிக்கைப் பிரிவில் தலை நரைத்தவன் நான். ஒருவர் மனத்தை அவர் பேச்சில் தேட மாட்டேன், செலவுக் கணக்கில்தான் தேடுவேன்.

குழந்தை பிறந்தது 1253 நவம்பர் 25, புனித கேத்தரின் திருநாள். பெயரும் அதனால்தான். விளையாட்டுத் துணைக்கு ஓர் ஆட்டுக்குட்டியை அனுப்பச் சொல்லி அரசன் ஆணையிட்டிருக்கிறான். ஒரு நாட்டின் அரசன், ஓர் ஆட்டுக்குட்டிக்காக! 1256இல் அவள் நோயுற்றபோது வெஸ்ட்மின்ஸ்டரில் வெள்ளியில் ஓர் உருவம் செய்து வைக்கச் சொன்னான். நம் ஊரில் கண்மலர் வாங்கிச் சார்த்துகிறோமே, அதே வேண்டுதல்தான். பிழைத்துக்கொண்டாள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவனுக்கு நல்ல அங்கி ஒன்று பரிசு.

1257 மே 3, வின்ட்சரில் உயிர் போயிற்று. மூன்றரை வயதுகூட நிறையவில்லை. தாய் எலினோர் துக்கத்தில் படுக்கையில் விழுந்தாள், அரசனுக்கும் காய்ச்சல். இதை எழுதி வைத்தவரும் உங்கள் துறவிதான். அவரை முழுக்கத் திட்டிவிட வேண்டாம். அடக்கம் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில். கல்லறைக்கு ஒரு பித்தளை உருவம், அதற்கு மேல் பொற்கொல்லர் க்ளாஸ்டர் வில்லியமுக்கு வெள்ளி உருவத்துக்காக 70 மார்க். ஒரு மார்க் என்பது இங்கிலாந்துப் பணமான பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. என் மேசைக்கு வந்திருந்தால் இந்தச் செலவைக் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டிருப்பேன்.

வடகரை:
போன வருடம் அந்தக் கல்லறையைத் தேடி இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன், அவ்வளவு சிறியது. புனித எட்மண்ட், புனித பெனடிக்ட் சிற்றாலயங்களுக்கு நடுவே சுவரோடு ஒட்டி இருக்கிறது. வெள்ளி போய்விட்டது. வண்ணக்கல் பதித்த வேலைப்பாடு மிச்சம் இருக்கிறது.

செங்காந்தள்:
ஐயா, அந்த ஆட்டுக்குட்டி போதும். நாளை வகுப்பில் சைகையில் சொல்லப் போகிறேன். கொம்பு முளைக்காத குட்டி என்று காட்ட, நெற்றியில் வைத்த இரண்டு விரலையும் பாதி மடக்கிப் பார்த்தேன். என் மகனுக்குப் புரிந்துவிட்டது.