‘போர்ஜிங்’ பிஸ்டன்: அடிப்பா, வடிப்பா? (கலைச்சொல் வேண்டுகோளும் மறுமொழிகளும்)

கிருஷ்ணகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்

குழுவினருக்கு வணக்கம். குறைந்த செலவில் டர்போ என்ஜின் கட்டுவது பற்றி மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்றைப் பட்டறை ஸ்டாண்டில் ஏற்றியிருக்கிறோம். அது பாடத்துக்கு மட்டும். அனுமதியில்லாமல் இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க், கம்பெனியில் வந்ததே போதும். டர்போவைப் பழைய டீசல் காரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கைக்காசு போக வேண்டிய இடம் பிஸ்டன், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, ராடு போல்ட். டர்போ காற்றைத் திணிக்கும்போது நாக்கிங் (எரிபொருள் சீராக எரியாமல் வெடித்துத் தட்டுவது) வந்துவிட்டால், வார்ப்பு பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய வரம்பு பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் போர்ஜிங் பிஸ்டன், அதாவது காய்ச்சிய உலோகத்தை அடித்தோ அழுத்தியோ உருவாக்கிய பிஸ்டன். ‘வார்ப்பு’ பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். அதற்கு இணையாகப் போர்ஜிங்குக்கு ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘அடிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ (புறம் 312). கொல்லன் உலையில் காய்ச்சி உருவாக்குவது ‘வடித்தல்’. கூரிய வேலுடையவன் என்ற பொருளில் வடிவேலன் என்று இன்றும் பெயர் வைக்கிறோமே! ‘வடிப்பு’ என்றே எழுதுங்கள்.

அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, உன் வேல்கள் மாலை சூடி அரண்மனையில் இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடினாள் (புறம் 95). உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அரசே அறிவித்தது. இரும்பை இவ்வளவு காலமாக அறிந்த ஊரில் அதற்குச் சொல் இல்லாமல் போகுமா?

வடி என்பதிலிருந்தே வடிவு, வடிம்பு (விளிம்பு) எல்லாம் கிளைத்தன என்பது என் துணிபு. மாம்பிஞ்சுக்கும் ‘வடி’ என்ற பெயர் உண்டு. பிளந்த மாவடுவைப் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்வார்கள். அங்கேயும் கூர்மைதான் அடிப்படை. இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஓசூர், போர்ஜிங் ஆலைத் தர ஆய்வாளர்

அய்யாவுக்கு வணக்கம். மாவடுவை விட்டு இரும்புக்கு வருகிறேன். ‘அடிப்பு’ சரியில்லை. சம்மட்டியால் அடிப்பது போர்ஜிங்கில் ஒரு வகைதான். பிரஸ்ஸில் அடியே கிடையாது. காய்ச்சிய கட்டியை அச்சுக்குள் வைத்து அழுத்துகிறோம். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: உலோகத்தின் உள்ளிழை பொருளின் வளைவோடு சேர்ந்து வளைகிறது. வார்ப்பில் அந்த இழையோட்டம் இல்லை. நுண்துளை விழவும் வாய்ப்புண்டு.

‘வடிப்பு’ என்றால் எங்கள் பையன்களுக்குச் சோறு வடிப்பதுதான் நினைவுக்கு வரும். உருகியதை ஊற்றுவது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது வார்ப்பு. பொருள் நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது.

குறிப்பில் இதையும் சேருங்கள்: ராடின் பக்கவாட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுக்கு வெளியே பிதுங்கியதை வெட்டிய தடம் பட்டையாக, விரலுக்குத் தட்டுப்படும். வார்த்த ராடில் அது மெல்லிய கோடாகத்தான் இருக்கும்.

பாலக்கோடு, ஒர்க்‌ஷாப் நடத்துபவர்

சார், கடையில் போய் ‘வடிப்பு பிஸ்டன் கொடு’ என்றால் எவன் எடுத்துத் தருவான்? போர்ஜிங் என்றே விடுங்கள். பஸ், லாரி, டயர் எல்லாம் தமிழாகிவிட்டன. பிஸ்டனை ‘உந்துதண்டு’ என்று புத்தகத்தில் படித்துவிட்டு வந்த பையன், எது தண்டு என்று கனெக்டிங் ராடைத் தூக்கிக் காட்டினான். சொல்லை விட ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி) முக்கியம், அதை எழுதினீர்களா?

கிருஷ்ணகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்

எழுதியிருக்கிறேன் அண்ணா. சாதாரண என்ஜினில் சிலிண்டர் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்றால், டர்போவுக்கு 0.005 முதல் 0.006 வரை. சூட்டில் ரிங் முனைகள் முட்டினால் வரம்பு உடையும், பிஸ்டன் எந்த வகையானாலும் சரி.

போர்ஜிங்கிலும் ஒரே வகை இல்லை. 4032 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கன் சுமார் 12 சதவீதம். குறைவாக விரியும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி குறைத்து வைக்கலாம். 2618 என்ற மற்றொரு கலவையில் சிலிக்கன் மிகக் குறைவு. அதிகம் விரியும், இடைவெளி கூட்டி வைக்க வேண்டும், ஆகவே காலையில் ஸ்டார்ட் செய்தால் டொக்டொக்கென்று தட்டும். நாக்கிங்கைத் தாங்குவதில் 2618 மேல். அளவான பூஸ்டுக்கு (டர்போ திணிக்கும் காற்றழுத்தத்துக்கு) 4032 போதும் என்பது என் முடிவு. இத்தனையும் விளக்கும்போது பத்திக்குப் பத்தி ‘போர்ஜிங் செய்யப்பட்ட’ என்று எழுதினால் வாக்கியம் நகர மாட்டேன் என்கிறது. ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சோறுதான் தடை என்றால் முன்னால் உலையைச் சேருங்கள்: ‘உலைவடிப்பு’.

ஓசூர், போர்ஜிங் ஆலைத் தர ஆய்வாளர்

அய்யா, சோறும் உலையில்தானே வேகிறது!

கிருஷ்ணகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்

மடல் எழுதிய மற்றவர்களில் பெரும்பாலோர் ‘வடிப்பு’ பக்கம். அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில் ‘வடிப்பு, அதாவது போர்ஜிங்’ என்று விளக்கிவிட்டு, பிறகு ‘வடிப்பு’ என்றே கொண்டு போகிறேன். பிஸ்டன் பிஸ்டனாகவே இருக்கும். ஓசூர் அம்மா சொன்ன பக்கவாட்டுத் தடத்தைப் படத்தோடு சேர்த்துவிட்டேன்.

ஓசூர், போர்ஜிங் ஆலைத் தர ஆய்வாளர்

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘வார்ப்பு’, ‘வடிப்பு’ இரண்டும் வகர வரிசையில் தொடங்கி ஒரே ஓசையில் முடிகின்றன. கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தில் ஒருவர் கத்திச் சொன்னால் எது என்று காதில் பிரியாது. இரண்டு வகைப் பிஸ்டனும் ஒரே அலமாரியில் இருந்தால், அட்டையில் ‘போர்ஜிங்’ என்றே ஒட்டுங்கள்.